கடுகு ஏன் கொஞ்சம் தாமதமாகக் காரமடிக்கிறது? காய்கறி வேதிப்பொருட்களும் புற்றுநோய்த் தடுப்பும்

ஒரு கடுகை எடுத்து முகர்ந்து பாருங்கள். வாசனையே இருக்காது. நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் ஒன்றும் தெரியாது. இப்போது பல்லுக்கிடையில் வைத்துக் கடியுங்கள். முதலில் லேசான கசப்பு, கொட்டை மாதிரி ஒரு சுவை. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் சுள்ளென்று காரம் மூக்குக்கு ஏறும். இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அந்த இரண்டு மூன்று நொடித் தாமதத்துக்குள் இருக்கிறது.

முழுக் கடுகுக்குள் அந்தக் காரப்பொருள் கிடையாது. அதற்கான மூலப்பொருள் ஓர் அறையில், அதை வெட்டி மாற்றும் நொதி இன்னோர் அறையில் என்று தனித்தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மூலப்பொருளுக்கு குளுக்கோசினோலேட் என்று பெயர், நொதிக்கு மைரோசினேஸ். பல் பட்டு செல் உடைந்ததும் இரண்டும் எச்சில் ஈரத்தில் கலக்கின்றன. ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் அந்த இடத்திலேயே பிறக்கிறது. அது பிறக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நாம் உணர்ந்த தாமதம். முட்டைகோஸ், காலிஃபிளவர், ப்ராக்கலி, முள்ளங்கி எல்லாம் கடுகுக்கு உறவுக்காரர்கள். எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். முள்ளங்கியை நறுக்கும்போதுதான் வாடை வருகிறது, முழுசாக இருக்கும்போது வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்யவில்லை. அதனால் எழுந்து ஓட முடியாது, கையால் தட்டிவிடவும் முடியாது. கடிக்க வரும் புழுவுக்கும் படரும் பூஞ்சைக்கும் வாட்டும் வெயிலுக்கும் எதிராக அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வேதியியல். நாம் கசப்பு, துவர்ப்பு, காரம், நெடி, கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று உணவில் ரசிக்கும் பலவும் செடி தன் பிழைப்புக்காகத் தயாரித்துக்கொண்ட சரக்கு. தாவர வேதிப்பொருட்கள் என்று நாளிதழ்களின் உடல்நலப் பக்கங்களில் எழுதுவது இவற்றைத்தான். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உயிர் வாழ அவசியம் என்று சொல்லும் வைட்டமின் கணக்கில் இவற்றில் பெரும்பாலானவை சேராது. இவை இல்லாவிட்டால் உடனே நோய் வந்துவிடாது.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1990-ல் ஒரு கணக்குச் சொன்னார். அமெரிக்கர்கள் உணவோடு உட்கொள்ளும் பூச்சிக்கொல்லிகளில், எடைக் கணக்கில் 99.99 சதவீதம் செடிகள் தாமே தயாரித்தவை என்றார். கேட்டதும் திடுக்கென்றிருக்கும். ஆனால் அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. இயற்கையானது என்றாலே நல்லது, செயற்கை என்றாலே கெட்டது என்ற எளிய பிரிவினை நிற்காது என்பதுதான் அவர் வாதம். அது உண்மையும்கூட. அரிஸ்டலோக்கியா வகைச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கும். பாக்கும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரண்டையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டும் நூறு சதவீதம் இயற்கை.

அப்படியானால் செடியின் நஞ்சு எப்படி நமக்குக் காவலாகும்?

உடம்பின் துப்புரவுப் படை

புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. ஏதோ ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் அடி விழுகிறது. புகையிலைப் புகை, வெயிலின் புற ஊதாக் கதிர், சில வைரஸ்கள், செல் பிரியும்போது நேரும் தற்செயல் பிழை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலான அடிகளை உடம்பு தானே சரிசெய்துவிடும், அல்லது அந்த செல்லைச் சாகவிடும். தப்பிப் பிழைத்த ஒன்று மெல்லப் பெருகி, மேலும் பல பிழைகளைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கட்டுக்கடங்காத கட்டியாகிறது. இதற்குப் பல வருடங்கள், பல நேரம் இருபது முப்பது வருடங்கள்கூடப் பிடிக்கும். இவ்வளவு நீண்ட பாதை என்பதால்தான் நடுவில் எங்காவது மறிக்கலாம் என்ற நம்பிக்கையே பிறந்தது.

முதல் இடம், அடி விழுவதற்கு முன்பு. வெளியிலிருந்து வரும் வேண்டாத பொருட்களை உடம்பு இரண்டு கட்டமாக அப்புறப்படுத்துகிறது. முதல் கட்ட நொதிகள் அந்தப் பொருளைக் கொஞ்சம் மாற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி செய்து தருகின்றன. இதில் ஒரு வம்பு உண்டு. சில பொருட்கள் இந்த மாற்றத்தால்தான் ஆபத்தானவையாகவே ஆகின்றன. புகையில் உள்ள பென்சோபைரீன் அப்படிப்பட்டது. முதல் கட்டம் முடிந்த பிறகுதான் அது டி.என்.ஏ.வில் போய் ஒட்டும் வடிவத்துக்கு வருகிறது. இரண்டாம் கட்ட நொதிகள் அந்தக் கைப்பிடியில் நீரில் கரையும் ஒரு சுமையைக் கட்டி, சிறுநீரோடும் பித்தத்தோடும் வெளியே தள்ளிவிடுகின்றன. ஆக, இரண்டாம் கட்டம் சுறுசுறுப்பாக இருக்க இருக்க நமக்கு லாபம்.

1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டாலலேயின் குழு, இந்த இரண்டாம் கட்ட நொதிகளைத் தூண்டும் பொருள் எது என்று காய்கறிகளில் தேடிக்கொண்டிருந்தது. ப்ராக்கலியிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அது சல்ஃபோராஃபேன். கடுகின் காரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். 1997-ல் அதே குழு இன்னொரு விஷயம் சொன்னது: மூன்று நாள் வயதான ப்ராக்கலி முளையில், முற்றிய ப்ராக்கலியைவிட 10 முதல் 100 மடங்குவரை இதன் மூலப்பொருள் இருக்கிறது. இளஞ்செடிக்குத்தானே கூடுதல் பாதுகாப்பு வேண்டும்!

சல்ஃபோராஃபேன் வேலை செய்யும் விதம் அழகானது. செல்லுக்குள் என்.ஆர்.எஃப்.2 என்றொரு புரதம் இருக்கிறது. துப்புரவு நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும் மேஸ்திரி அதுதான். சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்து, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சல்ஃபோராஃபேன் வந்து கீப்1-ல் ஒட்டியதும் பிடி தளர்கிறது. மேஸ்திரி செல்லின் உட்கருவுக்குள் போய், "எல்லாரும் வேலைக்கு வாங்க" என்று குரல் கொடுக்கிறார். அதாவது, உடம்பு சல்ஃபோராஃபேனை நண்பனாக வரவேற்கவில்லை. யாரோ அந்நியர் வந்துவிட்டார் என்று உஷாராகிறது. அந்த உஷாரில் தயாரான படை, கூடவே வேறு விஷங்களையும் கூட்டித் தள்ளிவிடுகிறது. மெல்லிய நஞ்சு, அதனால் வரும் மெல்லிய விழிப்பு, அவ்வளவுதான்.

இது மனிதரிடம் நடக்கிறதா? சீனாவில் காற்று மாசு மிகுந்த ஒரு பகுதியில் 291 பேருக்கு 12 வாரம் ப்ராக்கலி முளைச் சாறு கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. அந்தப் பானம் இல்லாத குழுவோடு ஒப்பிட்டால், சிறுநீர் வழியாக வெளியேறிய பென்சீன் கழிவு 61 சதவீதம் கூடியிருந்தது. புகையில் இருக்கும் இன்னொரு நச்சான அக்ரோலீனின் கழிவு 23 சதவீதம் கூடியிருந்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்பதால் நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆய்வு காட்டியது கழிவு வெளியேறுவதை மட்டுமே. புற்றுநோய் குறைந்தது என்று அது காட்டவில்லை, 12 வாரத்தில் காட்டவும் முடியாது. இந்தத் துறைச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு எழுதுகிறவர்கள் வழக்கமாக அதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற மந்திரச் சொல்

பழச்சாறு டப்பாக்களிலும் கேப்சூல் பாட்டில்களிலும் இந்தச் சொல் இல்லாத இடமில்லை. கதை இதுதான்: உடம்பில் துள்ளித் திரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைக் கெடுக்கின்றன, தாவர வேதிப்பொருட்கள் அவற்றை அணைத்துவிடுகின்றன, ஆகவே நிறையச் சாப்பிடு. சோதனைக் குழாயில் இது அப்படியே நடக்கும். ஆனால் பாலிஃபீனால்கள் என்ற பெரிய தாவர வேதிப்பொருள் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், சாப்பிட்டதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு. அதையும் உடம்பு சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். உடம்பு தானே தயாரிக்கும் குளுட்டாதயோன் போன்றவற்றின் அளவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? உணவுகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-ல் அதைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்தேவிட்டது. சோதனைக் குழாய் மதிப்பெண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு இல்லை, விளம்பரத்துக்குத்தான் பயன்படுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதைவிடப் பெரிய பாடம் பீட்டா கரோட்டின் கதை. கேரட், பூசணி, கீரைகளில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் இது. இவற்றை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. காரணம் பீட்டா கரோட்டினாக இருக்குமோ என்று 1981-ல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்டோர் நேச்சர் இதழில் கேள்வி எழுப்பினார்கள். சரி, மாத்திரையாகவே கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். ஐந்து முதல் எட்டு வருடம் நடந்தது. 1994-ல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ஏதாவது தற்செயலாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என்று 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆய்விலும் அதே திசைதான். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த அந்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியது, மொத்த மரணங்கள் 17 சதவீதம் கூடின. 1996 ஜனவரியில், திட்டமிட்ட தேதிக்கு 21 மாதம் முன்பாகவே நிறுத்திவிட்டார்கள்.

இதில் எனக்கு மறக்க முடியாத விவரம் வேறொன்று. பின்லாந்து ஆய்வு தொடங்கியபோது எல்லோருடைய உணவையும் ரத்தத்தையும் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். மாத்திரை கிடைக்காதவர்களில், உணவு வழியாகவே பீட்டா கரோட்டின் அதிகம் பெற்றிருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. ஒரே ஆய்வு, ஒரே பொருள். தட்டில் இருந்தபோது ஒரு முகம், மாத்திரையில் இருந்தபோது இன்னொரு முகம்!

ஏன் இப்படி? புகையால் காயம்பட்ட நுரையீரலில் அளவு மீறிய பீட்டா கரோட்டின் தானே சிதைந்து கெடுதல் செய்யும் துண்டுகளாகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். இன்னொரு காரணம் எளிமையானது. கேரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்து, வேறு நூற்றுக்கணக்கான பொருட்கள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. அப்புறம், கேரட் நிறையச் சாப்பிடுகிறவர் பொதுவாக வேறு பல விஷயங்களிலும் கவனமாக இருப்பவராக இருப்பார். பீட்டா கரோட்டின் ஓர் அடையாளமாக மட்டுமே இருந்திருக்கலாம். நாம் அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டோம்.

கிண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவே

"இந்தப் பொருள் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது" என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது: எங்கே கொன்றது? ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுநோய் செல்களைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. உப்பைக் கொட்டினாலும் செத்துப்போகும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியப் பொருள் குர்குமின். மஞ்சள் தூளின் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் அது. கிண்ண ஆய்வுகளில் குர்குமின் செய்யாத வித்தையில்லை. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் வாய்வழியாக நாளுக்கு 8 கிராம் வரை சுத்தமான குர்குமின் கொடுத்துப் பார்த்தும், ரத்தத்தில் சேர்ந்தது அற்ப அளவுதான். குடலும் ஈரலும் சேர்ந்து அதை உடனுக்குடன் மாற்றி அனுப்பிவிடுகின்றன. மிளகில் உள்ள பைப்பரின் இந்த வெளியேற்றத்தைத் தடுக்கும். 1998-ல் வந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் கிடைத்த அளவு 20 மடங்கு கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரலின் வேலையைத் தடுத்துத்தான் அந்த லாபம் வருகிறது. மற்ற மருந்துகளும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. பச்சைத் தேநீர்ச் சாறு மாத்திரைக்கும் இதே கதைதான். அதிலுள்ள கேட்டச்சின் வகைப் பொருளை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2018-ல் சொன்னது. தேநீராகக் குடிப்பவர்களுக்குப் பொதுவாக அந்தக் கவலை இல்லை.

சோயா பற்றிய பயம் இதற்கு நேர் எதிர். அதிலுள்ள ஜெனிஸ்டீன் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருப்பதால், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தொடவே கூடாது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். ஷாங்காயில் இந்த நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாகவே இருந்தன. சாயல் இருந்தாலும் ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜனைவிட மிகவும் பலவீனமானது, செல்லில் அது போய் உட்காரும் இடமும் பெரும்பாலும் வேறு.

குடல் பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோயாவின் ஒரு பொருளை ஈக்வால் என்ற இன்னொன்றாக மாற்றும் பாக்டீரியா சிலர் குடலில் இருக்கிறது, சிலர் குடலில் இல்லை. மாதுளையிலிருந்து யூரோலித்தின் உண்டாவதும் அப்படியே. ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேர் ரத்தத்தில் இரண்டு விதமான பொருட்கள் ஓடும்.

எல்லாம் சரி, கடைசியில் எவ்வளவு பயன் என்று கேட்பீர்கள். 10 ஐரோப்பிய நாடுகளில் 4.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. நாளுக்கு 200 கிராம் காய்கனி கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் மொத்தப் புற்றுநோய் அபாயம் 3 சதவீத அளவில் குறைவாக இருந்தது. சிறிய எண்தான். புகையிலையை விடுவதோடு இதை ஒப்பிடவே முடியாது. ப்ராக்கலி சாப்பிட்டுவிட்டு சிகரெட் பற்றவைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. ஆனால் பெருங்குடல் புற்றுநோயைத் தனியாகப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. முழுதானியங்களும் நார்ச்சத்து மிகுந்த உணவும் அதைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு.

ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. புற்றுநோய் செல்லுக்குள்ளும் அதே என்.ஆர்.எஃப்.2 மேஸ்திரி இருக்கிறார். சில நுரையீரல் கட்டிகளில் கீப்1 பழுதாகி, அவர் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருப்பார்; மருந்தை விஷம் என்று நினைத்து வெளியே தள்ள, கட்டிக்கே அவர் துணையாகிவிடுகிறார். பச்சைத் தேநீரின் கேட்டச்சின், போர்ட்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதை 2009-ல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். அதனால் கேப்சூல், சாறு, பொடி என்று எது எடுத்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். "செடிகளிலிருந்துதானே கீமோ மருந்தே வருகிறது" என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். நித்யகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பாக்ளிடாக்செல். ஆனால் அவை சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தநாளத்தில் ஏற்றும் கடும் நஞ்சுகள். நித்யகல்யாணிப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிப்பது சிகிச்சை ஆகாது, ஆபத்து.

நறுக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்

நொதி பூட்டிய அறையில் இருக்கிறது என்று தொடக்கத்தில் பார்த்தோமே, சமையலில் அதற்கு அர்த்தம் உண்டு. முழுப் பூண்டுக்கு மணம் குறைவு. நசுக்கியதும்தான் அல்லிசின் பிறக்கிறது. நசுக்காமல் அப்படியே சூட்டில் போட்டால் நொதி வெந்துவிடும், அல்லிசின் பிறக்காது. எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பூண்டை 60 நொடி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்ததுமே அதன் பாதுகாப்புத் தன்மை போய்விட்டது. நசுக்கி 10 நிமிடம் விட்டுவிட்டுச் சூடாக்கியபோது ஒரு பகுதி தங்கியது.

தக்காளி வேறு கட்சி. அதன் சிவப்பு நிறமான லைக்கோபீன் வெந்தால்தான் செல்லிலிருந்து நன்றாக வெளியே வரும். கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் சேரும். பச்சையாகச் சாப்பிடுவதே உயர்ந்தது என்று ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொண்டால் இங்கே நஷ்டம்.

ப்ராக்கலி, முட்டைகோஸ் வகைகளை நறுக்கியதும் அடுப்பில் போடாமல் அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டுவைப்பது நல்லது. அதற்குள் நொதி தன் வேலையை முடித்துவிடும். பிறந்துவிட்ட சல்ஃபோராஃபேன் நொதி அளவுக்குச் சூட்டில் அழியாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் பாதி அதோடு போகும். ஆவியில் சில நிமிடம் போதும். மறந்துபோய் முழுதாக வேகவைத்துவிட்டீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. 2018-ல் 12 பேருக்கு வெந்த ப்ராக்கலி 200 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை வெறுமனே, இன்னொரு முறை 1 கிராம் கடுகுப் பொடி தூவி. கடுகுப் பொடி சேர்ந்தபோது உடம்பில் சேர்ந்த சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. ப்ராக்கலி இழந்த நொதியை அதன் உறவுக்காரக் கடுகு கொண்டுவந்து கொடுத்துவிட்டது. பச்சைக் கடுகை அரைத்த பொடியாக இருக்க வேண்டும், அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு தூவ வேண்டும். எண்ணெயில் வெடித்த கடுகில் அந்த நொதி இருக்காது. கடித்துப் பார்த்தால் தெரியும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மூக்குக்குக் காரம் ஏறாது.